பூஜைக்கு வைத்த பேட்டண்ட்

சுறா எண்ணெயின் நாற்றம் போக்கும் முறையைத் திருவனந்தபுரம் சாலை பஜார்க் கடைக்காரருக்கு நான் விற்றேன் என்று சொல்லும் பேராசிரியர் பொய் சொல்கிறார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. சென்ற மாதம் அவருக்குத் திருவனந்தபுரத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "ஓர் உதவியாளருக்கு வாய்க் காவல் இல்லாததால் இந்த நாடு ஒரு நல்ல பேட்டண்டை இழந்தது. காசுக்கு விலைபோனவர்கள் இருக்கும் இடத்தில் ஆராய்ச்சி வளராது" என்று பேசினாராம். பத்திரிகையில் வந்தது. பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவரிடம் வேலை பார்த்த உதவியாளர்களில் சுறா ஈரலைத் தொட்டவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் நாற்றத்துக்குப் பயந்து அந்த அறைப் பக்கமே வந்ததில்லை.

நானும் அவர் பெயரை இங்கே போடவில்லை. மரியாதைக்காக அல்ல. பத்திராதிபர் கூடாது என்றார்.

நான் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கலாசாலையில் இங்கிலீஷ், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மறுபடியும் தமிழ். ரசாயனத்தில் பட்டம் வாங்கினேன். எங்கள் சபையில் அதுவரை எந்தப் பெண்ணும் ரசாயனம் படித்ததில்லை. படித்து முடித்தபோது எங்கள் போதகர் அம்மாவிடம், "இனி இவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம்" என்றார். அது மட்டும் அவர் சரியாகச் சொன்னார்.

கலாசாலையின் ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. யுத்தம் வந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த மீனெண்ணெய் நின்றது. ஆஸ்பத்திரிகளில் நோஞ்சான் குழந்தைகளுக்குக் கொடுக்க எண்ணெய் இல்லை. நம் கடலில் சுறா இருக்கிறது, சுறாவுக்கு ஈரல் இருக்கிறது, ஈரலில் எண்ணெய் இருக்கிறது, எண்ணெயில் வைட்டமின் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். அந்த எண்ணெயை வாயில் வைக்கத் துணிகிற குழந்தை. நாற்றத்தைப் போக்கச் சூடு காட்டினால் வைட்டமின் போய்விடும். வைட்டமினைக் காப்பாற்றச் சூடு காட்டாமல் விட்டால் குழந்தை துப்பிவிடும். இதற்கு ஒரு வழி பார் என்று பேராசிரியர் என்னிடம் கொடுத்தார். அதற்கு முன்னால் இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தார். இருவரும் ஈரலைத் தொடாமலே மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

பேராசிரியர் வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். பெரிய படிப்பு, லண்டன் வரை போய்வந்தவர். புத்திசாலி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிறந்ததிலிருந்து சைவம். என் அறை வாசலுக்கு மூக்கில் யூகலிப்டஸ் நனைத்த கைக்குட்டையோடு வருவார், வாசலிலேயே நின்று கேட்பார், வாசலிலிருந்தே போவார். சுறா ஈரல் எண்ணெயாகிக் கண்ணாடிக் குப்பிக்குள் போன பிறகுதான் அதை அவர் கண்ணால் பார்த்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் வேலைக்கு அது வசதியாக இருந்தது.

ஈரல் வாங்க நானே விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போவேன். தகர டின்னில் ஈரலைப் போட்டு மூடி, பஸ்ஸில் திரும்பி வருவேன். டின்னைக் கண்டக்டர் கூரைமேல் ஏற்றிவிடுவார். என்னையும் ஏற்றியிருப்பார், பெண் என்பதால் விட்டார். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பெண்கள் விடுதியில் எனக்குத் தனிக் குளியலறை கொடுத்தார்கள். கௌரவம் என்று முதலில் நினைத்தேன்.

வழி கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கதை சொல்லப் போவதில்லை. நிறைய எண்ணெயைக் கெடுத்தேன், பிறகு ஒருநாள் கெடவில்லை. விஷயம் இவ்வளவுதான்: எல்லோரும் முதலில் சூடாக்கினார்கள், பிறகு காற்றை வெளியேற்றப் பார்த்தார்கள். நான் சிப்பி ஓட்டில் அமிலம் விட்டு அதில் வருகிற வாயுவை எண்ணெய்க்குள் விட்டு முதலில் காற்றை விரட்டினேன். கடைசிக் காற்றும் போன பிறகுதான் நீராவி. நாற்றம் நீராவியோடு போயிற்று. வைட்டமினைக் கெடுப்பது சூடு மட்டும் அல்ல, சூட்டோடு சேர்ந்த காற்று. சோதனை மருந்து விட்டுப் பார்த்தேன். நீலம் வந்தது. நீலம் வந்தால் வைட்டமின் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி மறுபடி செய்தேன். ஒவ்வொரு தடவையும் நீலம்.

முறை முழுவதும் ஒரு வரியில் அடங்கிவிடும். காதில் விழுந்தால் போதும், அடுப்பும் பாத்திரமும் உள்ள எவரும் செய்யலாம். இப்படிப்பட்ட கண்டுபிடிப்பைத்தான் ரொம்பப் பத்திரமாக வைக்க வேண்டும். பெரிய சூத்திரங்களைத் தெருவில் போட்டாலும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

எங்கள் சபையைச் சேர்ந்த வக்கீல் ஒருவர் வஞ்சியூரில் இருந்தார். பேட்டண்ட் விஷயம் கொஞ்சம் தெரிந்தவர். அவரிடம் போனேன். முதல் கேள்வியே இதுதான்:

"இத நீ ஆருகிட்ட எல்லாம் காட்டின?"

"புரொபசருக்கு."

"அது சாரமில்ல, அவரு உள்ளாளு. வெளியாளுக்கு?"

"இல்ல."

"காட்டாத. சங்கத்துல போய்க் கட்டுரை வாசிக்காத. பத்திரிகைக்கு எழுதாத. மனு பேட்டண்ட் ஆபீசுக்குப் போய்ச் சேந்தப்புறம் நீ சந்தையில நின்னு கூவிக்கோ, ஆரும் ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்கு முந்தி வெளிய தெரிஞ்சுதோ, அது புதுசு இல்ல. புதுசு இல்லாததுக்குப் பேட்டண்ட் இல்ல. அம்மைகிட்டகூடச் சொல்லாத."

"அம்மைக்குத் தெரியும்."

"அவங்க எண்ணெய் காய்ச்சுவாங்களா?"

"இந்த நாத்தத்துக்கு என்னையே வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அப்ப பேடிக்க வேண்டாம்" என்றார்.

யாருக்குச் சொந்தம் என்றும் கேட்டேன். "பாத்திரம் கலாசாலைக்கு, சம்பளம் கலாசாலை தருது. உரிமை அவங்களுக்குத்தான் போகும், அதுக்கு நீ சண்டை போடாத. ஆனா கண்டுபிடிச்ச ஆளு நீ. அந்த இடத்துல உன் பேரு வரணும். உரிமை வேற, பேரு வேற. பேர விட்டுக்கொடுத்தா அப்புறம் கிட்டாது" என்றார். சமஸ்தானத்தில் ஒரு மனு, கல்கத்தாவில் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு ஒரு மனு, இரண்டும் கொடுக்க வேண்டும், இங்கே கிடைப்பது அங்கே செல்லாது என்றும் சொன்னார்.

இது எதுவும் எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கலாசாலையில் கண்டுபிடிக்கச் சொல்லித்தந்தார்கள். கண்டுபிடித்ததை என்ன செய்வது என்று சொல்லித்தரவில்லை. யாரும் கண்டுபிடிப்பார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

வக்கீல் சொன்னதை அப்படியே பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். மனு தயாரித்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. ஏன் என்று கேட்டேன். அகர வரிசை என்றார். அகர வரிசைப்படி என் பெயர்தான் முன்னால் வரும். அதைச் சொன்னேன். அப்படியானால் வயது வரிசை என்றார். என் பெயர் இருக்கிறதே என்று விட்டேன்.

மனு தயாரானபோது நவராத்திரி வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் 'பூஜை வைப்பு' என்று ஒன்று உண்டு. அஷ்டமி சாயங்காலம் புத்தகம், பேனா, தராசு, உளி, எதுவானாலும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, கருவியைத் தொடக் கூடாது. சின்ன வயதில் கிறிஸ்தவப் பிள்ளைகளான நாங்களும் அந்த நாட்களில் புத்தகத்தைத் தொட மாட்டோம். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் மத வித்தியாசம் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிப் பிரிவிலும் வருஷம்தோறும் பூஜை வைப்பு நடக்கும். தராசுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனம் வைத்து முன் ஹாலில் அடுக்குவார்கள். உத்தியோகஸ்தர்கள் குடும்பத்தோடு வருவார்கள். கலாசாலைக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர்களுக்கும் அழைப்புப் போகும். சுண்டலும் பாயசமும் உண்டு.

அஷ்டமி அன்று காலை பேராசிரியரிடம் போனேன்.

"சார், கையெழுத்துப் போட்டுத் தாங்க. மத்தியானத் தபால்ல அனுப்பிரலாம்."

"விஜயதசமி வரதேம்மா. அன்னைக்குத் தொட்ட காரியம் துலங்கும். அதுவரைக்கும் மனுவையும் பூஜையில வச்சிடலாம்."

"மனுவையா?"

"மனுவும் எழுத்துதானே."

சரி, அது போகட்டும் என்று நினைத்தேன். "அப்ப எண்ணெய் காய்ச்சுற கருவிய உள்ள வச்சுப் பூட்டிர்றேன்" என்றேன்.

"பூட்டறதா? இந்த வருஷம் பூஜையே அதுக்குத்தான். நடு ஹால்ல வை. நன்னா தேய்ச்சு, குழாயெல்லாம் மாட்டி, முழுசா வை."

"வெளியாளுங்க வருவாங்க சார்."

"சாமி கும்பிட வரா. வரட்டுமே."

"பாத்துருவாங்க."

"பாத்தா? மூக்கைப் பொத்திண்டு ஓடிடுவா."

"வக்கீல் சொன்னாரு, மனு போறதுக்கு முந்தி..."

"இது கண்காட்சி இல்லைம்மா, பூஜை. சரஸ்வதிக்குக் காட்டறோம். அவ யார்கிட்டப் போய்ச் சொல்லப்போறா?"

"அவ சொல்லமாட்டா சார். சுண்டலுக்கு வர்றவங்க சொல்லுவாங்க."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "உனக்கு எங்க பூஜைன்னாலே ஒரு இளப்பம். அதான் இவ்வளவு பேச்சு" என்றார்.

அதற்குமேல் நான் என்ன பேச முடியும்? பேட்டண்டைப் பற்றிப் பேசினேன், அவர் என் மதத்தைப் பற்றிப் பேசினார். கருவியைத் தேய்த்து நடு ஹாலில் வைத்தேன்.

அதோடு முடியவில்லை. வருகிற பெரிய மனிதர்களுக்கு விளங்க வேண்டும், ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டை எழுதி மாட்டு என்றார். எழுத மாட்டேன் என்றேன். அவரே உட்கார்ந்து எழுதினார். மலையாளம், தமிழ், இங்கிலீஷ், மூன்றிலும். "முதலில் சிப்பி வாயுவால் காற்றை முற்றிலும் வெளியேற்றுக." "அதன் பின்னரே நீராவி." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டார், ஏனென்றால் அதற்குப் பிறகு எழுதக் கூடாது.

மனுவைக் கருவிக்கும் சரஸ்வதி படத்துக்கும் நடுவில் ஒரு பலகையில் வைத்து, மேலே ஒரு தாமரைப்பூ வைத்தார். உலகத்தில் எத்தனையோ பேட்டண்ட் மனுக்கள் எழுதப்பட்டிருக்கும். தாமரைப்பூ வைத்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சாலைக் கடைக்காரர் மறுநாள் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்களுக்குப் பித்தளைப் பாத்திரமும் குழாயும் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்தக் கருவியின் பாதி அவர் கடைச் சாமான்தான். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தவர், படத்தைக் கும்பிட்டுவிட்டுக் கருவி முன்னால் நின்றார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பேராசிரியர் அவர் அருகில் போனார்.

"சாமி, வாயுவ விட்டப்புறந்தான் சூடு காட்டணுமோ?"

"அதுதான் சூட்சுமம். மாத்திப் பண்ணினா சத்தெல்லாம் போயிடும்."

"வாயு போதுமின்னு எப்படிச் சாமி தெரியும்?"

அதையும் சொன்னார். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, நீராவிக் குழாய் எங்கே முடிய வேண்டும், எல்லாம். எனக்கு ஒரு தடவைகூட அவ்வளவு பொறுமையாக எதையும் சொன்னதில்லை. அவர் சொன்னதெல்லாம் நான் அவருக்குச் சொன்னது. கொஞ்சம் பிசகாமல் சொன்னார். நல்ல வாத்தியார்.

நான் குறுக்கே போய், "சார், போதும்" என்றேன்.

"நீ போம்மா. எல்லாருக்கும் சுண்டல் கிடைச்சுதான்னு பாரு."

போய்ப் பார்த்தேன். எல்லோருக்கும் கிடைத்திருந்தது.

விஜயதசமி காலையில் பேராசிரியர் நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மனு தபாலில் போயிற்று. முதல் பக்கத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் விழிஞ்ஞத்துக்குப் போனேன். கரையில் ஈரல் இல்லை. மீன் விற்கும் பெண்கள், ஈரலெல்லாம் தோப்புக்குள் கொட்டகைக்குப் போய்விட்டது என்றார்கள். எந்தக் கொட்டகை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மூக்கு வழி காட்டியது. போய்ப் பார்த்தேன். என் கருவி நின்றது. என்னுடையதைவிடப் பெரிது, குழாய் மூட்டுகள் என்னுடையதைவிட நன்றாகப் பற்றவைத்திருந்தன. சாலைக் கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வா தாயி, வா. ஒங்க சாமானத்தான் கொஞ்சம் பெருசாக் கட்டியிருக்கேன். எண்ணெய் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு."

"இத உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஒங்க ஐயாதான். பூஜையில வச்சு, எழுதியும்லா போட்டிருந்தாரு."

"அது சர்க்கார்ல மனு போட்ட விஷயம். நீங்க செய்யக் கூடாது."

"எல போட்டுச் சோத்தையும் வச்சுட்டு, ஏன் தின்னேன்னு கேக்கலாமா தாயி? ஒளிக்கணும்னா பூட்டி வச்சிருப்பிய. நா களவாங்கலை. வரச்சொல்லிக் காயிதம் போட்டிய, வந்தேன். படிக்கச்சொல்லி எழுதிப்போட்டிய, படிச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கோபம் அதனால் இன்னும் அதிகமாயிற்று. "எங்களுக்கும் கொஞ்சம் ஈரல் விட்டு வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். விட்டு வைத்தார். அதன் பிறகு ஈரல் அவரிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. கரையில் வேறு யாரிடமும் இல்லை.

கலாசாலை அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவர் வக்கீல் வைத்துப் பதில் போட்டார், பேட்டண்ட் ஆபீசுக்கும் ஆட்சேபம் அனுப்பினார். மனு போகும் முன்பே முறை ஊர் அறிந்தது, இன்ன இடத்தில், இன்ன நாளில், மூன்று பாஷையில் எழுதி வைத்து, பேராசிரியரே விளக்கினார் என்று. சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பேராசிரியரின் தெருவிலேயே பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

வஞ்சியூர் வக்கீலிடம் ஆட்சேபத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சர்க்கார் அங்கீகாரம் உள்ள எக்ஸிபிஷன்ல வச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம். அதுக்குச் சட்டத்துல இடமிருக்கு. முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்கணும், அவ்வளவுதான்."

"பூஜை எக்ஸிபிஷன் ஆகாதா?"

"சரஸ்வதிக்கு அங்கீகாரம் இல்லியே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

மனு தள்ளுபடியாயிற்று. இரண்டு இடத்திலும்.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்காக நான் யாரையும் பத்திரிகையில் ஏற்ற மாட்டேன். இதற்குப் பிறகு நடந்ததுதான் அயோக்கியத்தனம்.

பேட்டண்ட் எப்படிப் போயிற்று என்று விசாரிக்கக் கலாசாலை மூன்று பெரியவர்களைப் போட்டது. மூன்று பேரும் பூஜைக்கு வந்தவர்கள். ஒருவர் பாயசம் இரண்டாந்தரம் கேட்டு வாங்கியவர். அவர்கள் முன்னால் பேராசிரியர், ஹாலில் நடந்தது வழிபாடு மட்டுமே, கருவியைப் பார்த்து முறையைக் கண்டுபிடிக்க ஒரு கடைக்காரனால் முடியாது, உள்ளே இருந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும், விழிஞ்ஞத்துக்கு அடிக்கடி போய்வருபவர் ஒருவர்தான் என்று சொன்னார்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

"அந்த வியாபாரியோடு உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"ஈரல் வாங்குறேன்."

"தனியாகப் போவீர்களா?"

"என்கூட வர ஆரும் சம்மதிக்கல."

"அவரிடம் ஏதாவது கேட்டீர்களா?"

"எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்கன்னு கேட்டேன்."

எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னேன்: "நீங்க மூணு பேரும் பூஜைக்கு வந்தீங்க. அட்டைய நீங்களும் படிச்சீங்க. சார் பக்கத்துல நின்னு விளக்கினதக் கேட்டுத் தலையாட்டினீங்க."

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெய்வ காரியத்தை இதற்குள் இழுக்க வேண்டாம்" என்றார்.

கடைக்காரர் ஆட்சேபத்தில், பூஜையில்தான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாரே, அதைப் பாருங்கள் என்றேன். அவர் உங்களைக் காப்பாற்ற அப்படி எழுதியிருக்கலாம் என்றார்கள். அவருடைய அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பேட்டண்ட் ஆபீசில் மனுவைத் தள்ளினார்கள். பேட்டண்டைக் கொல்ல அந்த வார்த்தை போதும். என்னைக் காப்பாற்ற அது போதாது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் வேலையைப் புதுப்பிக்கவில்லை. குற்றம் சாட்டவில்லை, தண்டிக்கவில்லை, புதுப்பிக்கவில்லை. குற்றம் சாட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு வேறு கவலை.

"மக்ளே, நீ விக்கிரகத்துக்கு முன்னால நின்னியாமே?"

"கருவிக்கு முன்னாலதாம்மா நின்னேன்."

"கருவி எங்கன நின்னுச்சு?"

"சரஸ்வதி படத்துக்கு முன்னால."

"பின்ன?" என்றாள்.

போதகர் ஞாயிற்றுக்கிழமை எனக்காக ஜெபித்தார். பெயர் சொல்லாமல்தான் ஜெபித்தார். சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

இப்போது இதை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். விடுதியைக் காலி செய்யத் திருவனந்தபுரம் போன அன்று பேராசிரியர் விடுதிக்கு வந்தார். பார்வையாளர் அறையில் நாங்கள் இருவர் மட்டும். அன்று அவர் கையில் கைக்குட்டை இல்லை. என்மேல் நாற்றம் போய்விட்டது.

"நீ இல்லேன்னு எனக்குத் தெரியும்மா" என்றார்.

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

"என்ன பண்ணச் சொல்றே? பூஜை வச்சதால பேட்டண்ட் போச்சுன்னு நான் வெளியில சொன்னா ஊர் சிரிக்கும். வந்தவா எல்லாம் பெரிய மனுஷா. அவாளுக்கும் அவமானம். தெய்வத்துக்கும் அபவாதம். நீ சின்னவ. உனக்கு வேற எடம் கிடைக்கும்."

"இத எழுதித் தாங்க சார்."

"எழுத்து என்னத்துக்கு? என் மனசுல இருக்கே, போறாதா?"

"உங்க மனசுல இருக்கிறத நான் ஆருகிட்டக் காட்ட முடியும்?"

அவர் எழுந்துவிட்டார். போகும்போது என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அதைத் தடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

வேறு இடம் கிடைக்கவில்லை. மதராசில் கேட்டேன், பெங்களூரில் கேட்டேன், கொச்சியில் ஒரு சோப்புக் கம்பெனியில்கூடக் கேட்டேன். எங்கும் பேச்சு நன்றாகத்தான் தொடங்கும். பிறகு, "திருவனந்தபுரத்திலா இருந்தீர்கள், சுறா எண்ணெயா" என்பார்கள். பிறகு கடிதம் வராது. ஆராய்ச்சிக்காரர்கள் எதையும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. இந்த மாதிரி விஷயத்தை ரொம்ப நன்றாகப் பரப்புவார்கள். தெற்கே ஒரு பெண்கள் பள்ளியில் ரசாயனம் நடத்துகிறேன். அங்கே இருக்கிற ரசாயனம் சுண்ணாம்பும் நீல லிட்மஸும்தான். பிள்ளைகள் நல்லவர்கள். ஆனால் எனக்குத் தெரிந்த வேலை அதுவல்ல.

நான் சும்மா இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு எழுதினேன், பல தடவை. தனியாக ஒத்துக்கொண்டதைக் கலாசாலைக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். பதில் வந்ததில்லை. பேசாமலாவது இருக்கிறாரே என்று நானும் விட்டிருந்தேன். இப்போது பொன்னாடை போர்த்திக்கொண்டு, மைக்குக்கு முன்னால் நின்று, காசுக்கு விலைபோனவள் என்கிறார்.

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேட்கலாம். பேராசிரியரிடம் எதையும் வாய்ப்பேச்சாக விடாதீர்கள். மனு போகும்வரை கருவியைப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பூஜையானாலும் சரி, கிறிஸ்துமஸ் ஆனாலும் சரி. பொல்லாதவள் என்று பெயர் வரும். வந்துவிட்டுப் போகட்டும். எனக்குத் திருடி என்று பெயர் வந்திருக்கிறது, அதற்கு இது எவ்வளவோ மேல்.

இனி பேராசிரியருக்கு. நீங்கள் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறீர்கள் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. அடுத்த மாதம் அதே மண்டபத்தில் மறுபடி பேசப் போகிறீர்கள் என்றும் போட்டிருக்கிறது. நான் வருவேன். நீங்கள் எழுந்து நின்று, நான் யாருக்கு, எப்போது, எதற்காக விற்றேன் என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், "நீ இல்லேன்னு எனக்குத் தெரியும்" என்று விடுதியில் என்னிடம் சொன்னதை அந்த மைக்கில் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று. எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், வீட்டுக்கு வந்து ஆசீர்வாதம் செய்ய வேண்டாம். என்னை ஊர் கேட்கப் பேசினீர்கள். பதிலையும் ஊர் கேட்கச் சொல்லுங்கள்.